மூச்சு டியூபில் ஒரு குச்சி

மதியம் ஒன்று இருபதுக்கு ஒர்க்‌ஷாப் போன் அடித்தது. மற்றவர்கள் எல்லாரும் பின்பக்கம் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் போன் இருந்த மேசையை விட்டு நகரவில்லை. என் மகள் மாலதி அன்றைக்குத் தூத்துக்குடியில் கல்லூரி விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

உங்கள் மெக்கானிக் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். நான் வரவில்லை. எழுந்து நின்று பேசினால் ஓர் இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிடும். எழுத்து என்றால் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தொடரலாம். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை எப்படிக் கழற்றுவது, அழுத்தம் பார்க்கும் கேஜை எங்கே மாட்டுவது என்பதற்கெல்லாம் உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த ரெகுலேட்டரின் தலையில் செருகியிருக்கும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயைப் பற்றியும், அதற்கு எங்கள் ஊரில் வைத்திருந்த பெயரைப் பற்றியும்.

மாலதி போன வண்டி சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டியவர்களில் அவர் மூத்தவர். வாழ்நாள் முழுக்கக் கார்புரேட்டர் வண்டிதான் ஓட்டினார். நடுரோட்டில் எது நின்றாலும் தானே இறங்கிச் சரி செய்துவிடுவார். பெட்ரோல் பைப்பைக் கழற்றி வாயால் ஊதுவார், கார்புரேட்டர் ஜெட்டைப் பல் இடுக்கில் வைத்துக்கொண்டு பேசுவார். அந்த வருடம்தான் முதல் முறையாக, கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்‌ஷன் வைத்த வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அன்றைக்குத் தூத்துக்குடி ரயிலடியில் ஒரு குடும்பத்தை ஏற்றி வர வெறும் வண்டியாகப் போனார். "பிள்ளையை நான் விட்டுருதேன், பஸ்ல எதுக்கு பெட்டி படுக்கையோட அல்லாடணும்" என்றார். பஸ்ஸில் தனியாக அனுப்பப் பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. டயரைப் பார்த்தேன், பிரேக் ஆயிலைப் பார்த்தேன், ரேடியேட்டரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

நான் எப்போதும் பெட்ரோல் பிரஷர், ஆயில் பிரஷர் என்றே பேசிக்கொண்டிருப்பேன். எனக்கும் ரத்தக் கொதிப்பு. அதனால் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் 'பிரஷர் சார்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அண்ணாச்சிதான்.

போனை எடுத்தேன். அவர் குரல்தான்.

"தம்பி, எட்டயபுரத்துல நிக்கேன்."

"என்ன அண்ணாச்சி? அங்கன ஏன் நிக்கீங்க? பிள்ளை எங்க?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட. மொதல்ல உன் பிரஷரை எறக்கி வச்சிட்டுக் கேளு. பிள்ளை கடையில கலர் சோடா குடிக்கா. ஊர் எல்லை தாண்டுனதுல இருந்து வண்டி கரும்புகையாத் தள்ளிச்சு. ஒரு இழுவையும் இல்ல. திறந்து பாத்தா, அந்த மூச்சு டியூப் இருக்குல்லா, அதுல பெட்ரோல் ஈரம். மூச்சு போற குழாய்ல பெட்ரோலுக்கு என்ன சோலி? நாலஞ்சு குச்சியைச் சேத்து உள்ள அடிச்சுப் பழையபடி மாட்டிட்டேன். இப்ப பூ மாதிரி ஓடுது. ஒனக்கு ஒரு வார்த்தை சொல்லிருவோம்னுதான் கூப்பிட்டேன்."

"அண்ணாச்சி, இருங்க, எந்த டியூப்…"

"பின்னால ஒரு ஆளு போனுக்கு நிக்கான். தூத்துக்குடி போயிட்டுப் பேசுதேன், வச்சிருதேன்."

வைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று குச்சி. எங்கள் ஊரில் குச்சி என்றால் மருந்து வைக்காத தீக்குச்சி. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்த காலம். மருந்து முக்குவதற்கு முன்னால் குச்சியை மெழுகில் முக்குவார்கள். அதில் கழித்துப் போட்ட குச்சி எல்லார் வீட்டிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடக்கும். அண்ணாச்சியின் மனைவி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். வண்டியின் டேஷ்போர்டில் எந்நேரமும் ஒரு கொத்துக் குச்சி இருக்கும். பல் குத்த, காது குடைய, இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி பார்க்க, ஒழுகும் குழாயை அடைக்க, எல்லாவற்றுக்கும் குச்சிதான். மெழுகு ஏறியிருப்பதால் இறுக்கமாக நிற்கும், தண்ணீரில் ஊறாது. பழைய வண்டிகளில் என்ஜின் காற்றை உறிஞ்சும் வாக்குவம் குழாய் விரிந்துபோனால் குச்சியை வைத்து அடைத்துவிட்டு மதுரை வரைக்கும் ஓட்டிப் போனவர்கள் உண்டு. ஒரு கேடும் வராது. கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான். அந்தக் குழாயைத்தான் மூச்சு டியூப் என்றார்கள். வாயை வைத்தால் உறிஞ்சும், கழற்றினால் உஸ்ஸென்று சத்தம் வரும். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது விஷயம், ரெகுலேட்டர். நம் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்கிறேன். தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். பக்கத்து வீட்டிலும் அதே குழாய்தான், அதே நேரம்தான் திறந்திருக்கிறது. ஆனால் உறிஞ்சுகிற வீட்டில் அண்டா நிறைந்துவிடும். என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அப்படித்தான். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஆனால் திறந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் விழும் என்பது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தையும், முன்னாலிருந்து என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலையும் பொறுத்தது. ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜின் பலமாக உறிஞ்சும். அப்போது தள்ளுவதைக் குறைக்க வேண்டும். மிதித்தால் உறிஞ்சல் குறையும். அப்போது தள்ளுவதைக் கூட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்காரருக்கு எந்தத் தெருவில் மோட்டார் ஓடுகிறது என்று காதில் விழுந்தால் எப்படியோ, ரெகுலேட்டருக்கு அந்தக் குழாய் அப்படி. என்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அது அந்தக் குழாய் வழியாகத்தான் கேட்கிறது. கேட்டுவிட்டு, வேண்டாத பெட்ரோலைத் திரும்ப டாங்கிக்கே அனுப்பிவிடுகிறது. அது மூச்சு டியூப் இல்லை. காது.

அந்தக் காதுக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய ரப்பர் திரை. திரை கிழிந்தால் பெட்ரோல் காதுக்குள் புகுந்து என்ஜினுக்குப் போய்விடும். அதுதான் கரும்புகை. அந்தக் குழாயைக் கழற்றி மோந்து பார்த்து, பெட்ரோல் வாடை வந்தால் வேறு ஒன்றும் சோதிக்க வேண்டாம், ரெகுலேட்டர் போய்விட்டது என்று அர்த்தம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அண்ணாச்சி எட்டயபுரத்தில் கண்டது அதைத்தான். அன்றைக்கு, அந்தப் பயணத்தில்தான் திரை கிழிந்திருக்கிறது. அதைத்தான் அவர் குச்சியால் அடைத்துவிட்டு, பூ மாதிரி ஓடுகிறது என்றார்.

போனை வைத்ததும் எனக்கு இது உடனே உறைக்கவில்லை. பிள்ளை கலர் குடிக்கிறாள் என்ற சொல்லிலேயே மனம் நின்றுவிட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். மேசையில் கிடந்த குச்சி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன், பழக்கம். விரலில் மெழுகு வழவழவென்று ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது. மெழுகு தண்ணீரில் ஊறாது. பெட்ரோலில் கரையும். அதுவும் கொதிக்கிற என்ஜின் மேல். பழைய வண்டியின் மூச்சு டியூபுக்குள் வெறும் காற்று. இந்தக் குழாய்க்குள் இப்போது பம்பின் முழு அழுத்தமும் வந்து நிற்கிறது. பெட்ரோலைத் தாங்கச் செய்யப்படாத மெல்லிய குழாய். குச்சி பிதுங்க வேண்டும், அல்லது குழாய் வெடிக்க வேண்டும். எதுவானாலும் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். அதற்குக் கீழே சைலன்சருக்குப் போகும் சூடான இரும்பு. பின்சீட்டில் மாலதி.

நெருக்கடியில் மனிதன் என்ன செய்வான் என்று புத்தகங்களில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். நான் செய்த முதல் காரியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை நிதானமாக மூடி, கிளிப்பைப் போட்டது.

பிறகு யோசித்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினால் ஓடுகிற காரைப் பிடிக்க முடியாது. அவர்கள் போகிற வழியில் எனக்கு முன்னால் யாராவது மறிக்க வேண்டும். அந்த வழியில் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு, அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். சுழற்றவே ஆரம்பித்துவிட்டேன். பாதியில் கை நின்றது. பெட்ரோல் ஒழுகுகிற சூடான வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறேன்? போனை வைத்தேன். பயந்த மனது எப்போதும் முதலில் தெரிந்த நம்பரைத்தான் சுழற்றும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக நினைவுக்கு வந்தது ஓர் ஆட்டு வியாபாரியின் வீடு. ஆடு ஏற்றும் அவருடைய சின்ன வேன் எங்களிடம்தான் வேலைக்கு வரும். வீடு எப்போதும்வென்றானில் மெயின்ரோட்டை ஒட்டியே இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கூப்பிட்டேன். எடுத்தது அவருடைய மனைவி. பெயர் பேச்சியம்மாள் என்று பிறகுதான் தெரியும். அதுவரை அவரை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை.

"அவிய சந்தைக்குப் போயிருக்காவ அண்ணாச்சி. வந்தா என்ன சொல்ல?"

"அவிய வேண்டாம்மா. நீங்கதான் எனக்கு ஒரு உதவி பண்ணணும். கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்புல இருந்து பேசுதேன். எட்டயபுரத்துல இருந்து ஒரு கார் வருது. அதை ரோட்டுல மறிக்கணும்."

"நான் மறிச்சா கார் நிக்குமா? ஆரன அடிச்சுட்டுப் போயிருவான்."

"அதுல என் மக இருக்காம்மா. வண்டி தீப்பிடிக்கும்போல இருக்கு. ஓட்டுதவருக்கு அது தெரியாது."

 உடனே கேட்டார்.

"வண்டி என்ன நிறம்?"

"வெள்ளை."

"ரோட்டுல போறது பூராம் வெள்ளைதான அண்ணாச்சி. சரி, கிடக்கட்டும். ஆடு வீட்டுக்கு எதுக்கதான் மேயுது. அத்தனையையும் ரோட்டுல பத்தி விட்டுருதேன். எல்லா வண்டியும் நிக்கட்டும். பிள்ளையைப் பாத்துக் கண்டுக்கிடுதேன். பிள்ளை என்ன நிறத்துல உடுத்தியிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. நாலு டயரின் காற்றும் எனக்குத் தெரியும். பிரேக் ஆயில் எந்தக் கோட்டில் நின்றது என்று தெரியும். என் பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று தெரியவில்லை.

"கண்ணாடி போட்டிருப்பா" என்றேன். "பின்சீட்டுல பச்சை பிளாஸ்டிக் வாளி ஒண்ணு இருக்கும்."

"சரி. நிறுத்திட்டு?"

"மூணு காரியம்மா. ஓட்டுதவர் கையில இருந்து சாவியை வாங்கிருங்க. பிள்ளையைக் கையைப் பிடிச்சு எம்புட்டு தூரம் முடியுமோ அம்புட்டு தூரம் கூட்டிட்டுப் போயிருங்க. முன்பக்க மூடியை யாரும் திறக்கக் கூடாது. அவரும் திறக்கக் கூடாது. வண்டி நின்ன பெறகும் உள்ள பெட்ரோல் அழுத்தத்தோடதான் இருக்கும்."

"சாவி. பிள்ளை. மூடி" என்று திருப்பிச் சொன்னார். "வச்சிருதேன். ஆடு பத்தணும்."

அவ்வளவு தெளிவாக என் பேச்சை வாங்கிக்கொண்ட ஆளை என் வேலைக் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலையைச் சொன்னால் பாதியைத்தான் கேட்பார்கள்.

எலக்ட்ரீசியன் காளி கையைக் கழுவிக்கொண்டு வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் பைக்கை எடுத்தான். "சார், நீங்க பின்னால உக்காருங்க. வண்டியை நான் ஓட்டுதேன்." ஒர்க்‌ஷாப்பில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

ஆடி மாதம். மேற்கே இருந்து அடித்த காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளியது. எட்டயபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் உழுது போட்ட கரிசல். மழைக்குக் காத்துக் கிடக்கும் அந்த நிலத்தில் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. ஊருக்கு நாலைந்து வேலிக்கருவை மரம், அவ்வளவுதான். அந்த வெட்டவெளியை நான் அன்றைக்குச் சபித்தேன். ஏனென்றால் எப்போதும்வென்றானுக்கு வெகு தூரம் முன்னாலேயே எனக்குப் புகை தெரிந்துவிட்டது. கறுப்பாக, கிழக்கே சாய்ந்து.

"சார், யாராவது முள்ளு வெட்டிக் கொளுத்துவாங்க" என்றான் காளி.

"முள்ளுப் புகை வெள்ளையா இருக்கும்."

"டயரு எரிப்பாங்க."

"ஆமா."

"நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுவீங்க சார். உங்களுக்கு…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினான். பக்கவாட்டுக் காற்றில் அவன் சட்டை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதை விலக்கவில்லை. அது அடிக்கும்போதெல்லாம் புகை மறைந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எரிய வேண்டியது எரிந்திருந்தது. வண்டி ரோட்டோரம் ஓரமாகத்தான் நின்றது. முன்பகுதி இரும்புக் கூடு. ரோடு முழுக்க ஆட்டுப் புழுக்கை. இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. தண்ணீர் ஊற்றிய குடங்களோடு பெண்கள் நின்றார்கள்.

"வண்டியில வந்தவங்க எங்க?"

"டிரைவரை உப்பு லாரியில ஏத்தித் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றார் ஒருவர்.

"பிள்ளை? ஒரு பிள்ளை வந்துச்சே?"

"பிள்ளையா? நான் பாக்கும்போது அந்த ஆளு மட்டுந்தான் கெடந்தாரு."

"அந்தப் பிள்ளையையும்தான் லாரியில ஏத்துனாங்க" என்றார் ஒரு பெண்.

"போடீ, நீ எப்ப பாத்த? அது அவர் மேல போட்ட போர்வை" என்றார் இன்னொருவர்.

"உள்ள இருந்தாங்களா என்னன்னு தெரியலியே. கிட்டப் போக முடியல."

நான் பின்கதவு இருந்த இடத்துக்குப் போனேன். காளி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் முதலில் குனிந்து பார்த்துவிட்டு, "இல்ல சார், யாரும் இல்ல, நல்லாப் பாத்துட்டேன்" என்றான். அவன் சொன்னதை என் காது வாங்கவில்லை. நானும் குனிந்தேன். சீட்டின் ஸ்பிரிங் மட்டும் இருந்தது. அதன் மேல் பச்சையாக ஏதோ உருகி வழிந்து இறுகியிருந்தது. அந்த வாளி. விடுதியில் குளிக்க வேண்டும் என்று அவள் கேட்டு, முந்தின நாள் நானே போய் வாங்கியது.

 சிலிண்டரை மடியில் வைத்தபடி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காளி லாரிகளுக்கு நடுவில் ஓடி ஓடி விசாரித்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் குரல் நின்றுவிடும் என்றேன். எனவே, பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு அங்கே திரும்பி வருகிறேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். முகம் முழுக்கக் கட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரே ஒரு முறை, "தம்பி, மூச்சு டியூப்தானப்பா அது" என்றார். கேள்வியா, பதிலா என்று தெரியவில்லை. ஆமா அண்ணாச்சி என்றேன். காது என்று அவரிடம் அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே போய்விட்டார். எது பற்ற வைத்தது என்று என்னைப் பலர் கேட்டார்கள். இரும்பின் சூடா, விசிறி மோட்டாரின் பொறியா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நான் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் முட்டாள் என்று உங்களில் யாராவது நினைத்தால் இந்தத் தாளைக் கீழே வைத்துவிடுங்கள். அவருடைய கைக்கு அவ்வளவு வருடம் சரியாக இருந்த ஒரு வேலை, ஒரு மதியத்தில் தப்பாகிப்போனது. அதே இடம், அதே தடிமன், அதே ரப்பர் குழாய், அதே பெயர். உள்ளே ஓடுவது மட்டும் மாறியிருந்தது. இப்போது வரும் சில வண்டிகளில் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே போய்விட்டது, இந்தக் குழாயே இல்லை என்பீர்கள். சரி. நாளைக்கு வேறொன்று வரும், அதற்கும் யாராவது பழைய பெயரை வைப்பார்கள். வாடிக்கையாளர் உங்களிடம் 'மூச்சு டியூப்' என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நிறுத்தி, மூடியைத் திறந்து, எந்தக் குழாயைச் சொல்கிறார் என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டேன். மாத்திரை கூடிவிட்டது. என் மகளுக்கு இப்போது வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறாள். மதியத்தில் போன் அடித்தால் இன்றும் என் மனைவிதான் எடுக்க வேண்டும்.

அந்த ரோட்டோரத்துக்கு வருகிறேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் மணிச் சத்தம் கேட்டது. தெற்கே, உழுத நிலத்துக்கு அந்தப் பக்கம் கண்மாய்க் கரை. கரையிலிருந்து ஆடுகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். ஒருவர் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். இன்னொருத்தி கண்ணாடி போட்டிருந்தாள். நீல நிறத்தில் உடுத்தியிருந்தாள்.

எம்புட்டு தூரம் முடியுமோ அம்புட்டு தூரம் என்று நான் சொன்னதைப் பேச்சியம்மாள் அப்படியே செய்திருந்தார். கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்து, தீ அடங்கும்வரை எழுந்திருக்கவே விடவில்லை. ரோட்டில் நின்றவர்கள் அவளைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

மாலதி வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

"அப்பா, இவிய சொன்னதும் டிரைவர் மாமா சிரிச்சாக. சாவியைக் குடுத்துட்டு முன்பக்க மூடியைத் திறந்தாக. 'உங்கப்பனுக்குத்தான் பிரஷர், வண்டிக்கு ஒண்ணுமில்ல. இங்கன வா, அந்தக் குச்சியை உருவிக் காட்டுதேன், நீயே பாத்துட்டுப் போய் அவன்கிட்ட சொல்லு'ன்னு என்னைக் கூப்பிட்டாக. நான் போகப் பாத்தேன்ப்பா. இவியதான் கையை விடல."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது. அதற்குக் கீழே அவள் விரல்களைப் பேச்சியம்மாள் அப்போதும் விட்டிருக்கவில்லை.

மற்றக் கையை என் முன்னால் நீட்டி விரித்தார். உள்ளங்கையில் கார் சாவி இருந்தது. எரிந்த வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னது மூணும் ஞாபகம் இருந்துச்சு அண்ணாச்சி. ஒரு கையில சாவி, ஒரு கையில பிள்ளை. அவரைப் பிடிக்க எனக்கு இன்னொரு கை இல்லையே."